கேக் தொழிற்சாலைப் பத்மநாதன்

பத்மநாதன் அண்ணை கேக் சாப்பிடுவதில்லை. பிறந்தநாள், வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு, கலியாண நாள் என்று இந்த லண்டனில் வாரம் தவறாமல் யாராவது ஒரு மண்டபத்தை எடுத்துக் கேக் வெட்டுகிறார்கள். தட்டு அவர் பக்கம் வரும்போது கையைக் காட்டித் தள்ளிவிடுவார். பார்க்கிறவர்கள் சீனி வருத்தம் என்று நினைத்து இரக்கப்படுவார்கள். அவருக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. பாயசம் வந்தால் இரண்டாம் தரமும் வாங்கிக் குடிப்பார். பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி தவநாயகி அக்கா அப்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். எங்கள் இருவருக்கும் காரணம் தெரியும். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் அவர்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில் நான் பல வருடம் வாடகைக்கு இருந்தவன்.

அண்ணை எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உழைப்பாளி. எண்பத்தைந்தின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு விசா வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து இறங்கியவர். பாத்திரம் கழுவினார், கிடங்கில் பெட்டி தூக்கினார், பிறகு பெட்ரோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை, ஒருவரையும் ஏமாற்றியதில்லை. ஒரே ஒரு குறை, பொறாமை. அது அவரிடம் பிறகு வந்து ஒட்டிய குணமில்லை. கை கால் போலக் கூடப் பிறந்தது.

அவரோடு ஒரே விமானத்தில் வந்த ஒருவருக்கு முழு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. அண்ணைக்குக் கிடைத்தது அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய தற்காலிக அனுமதி. அந்த மனிதர் உடனே மனைவியை எடுப்பித்துக் குடும்பமாகிவிட்டார். அண்ணை தவநாயகி அக்காவைக் கூப்பிட வருடக்கணக்காகக் காத்திருந்தார். அந்த ஆளை இன்றைக்கும் “அந்த அகதி” என்றுதான் சொல்லுவார், ஏதோ தான் உல்லாசப் பயணம் வந்தவர் மாதிரி. வசதி வந்தவர்கள் போய்ச் சேரும் ஹரோவில் வீடு வாங்கியவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர்கள் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பரிசு வாங்கினாலும் ஆகாது. ஆர்ச்வே முருகன் கோயிலில் ஐயர் யாருக்கு முதலில் விபூதி கொடுக்கிறார் என்று கவனித்துக்கொண்டிருப்பார். என்னுடைய சின்ன அறைக்குக் காலை வெயில் வருகிறது, தன்னுடைய பெரிய அறைக்கு வரவில்லை என்று என்மீதும் ஒரு வருத்தம் இருந்தது. வீடு அவருடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. மனிதரைப் பிடித்து ஆட்டிய பொறாமை அவருக்குத் தன் பெயர்மீதே வந்தது.

தொண்ணூற்றைந்தின் கோடையில் கஸ்பர் வந்து பின்னறையில் குடியேறினான். மன்னார்க் கத்தோலிக்கன். அண்ணையைவிடப் பத்து வயது குறைவு, ஒரு முழம் உயரம் கூட. குளியலறையில் மாதா பாட்டைத் தொண்டை கிழியப் பாடி, வீட்டிலுள்ள சுடுதண்ணீர் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வருவான். அவன் மனைவி இம்மாகுலேற்றும் சின்ன மகளும் மன்னாரில் இருந்தார்கள். அகதி வழக்குப் போட்டவன் முதல் ஆறு மாதம் வேலை செய்யக் கூடாது. பிறகு அனுமதி கேட்கலாம். கேட்டால் தரலாம், தராமலும் விடலாம். உழைக்க உடம்பு இருந்தும் உழைக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதால், கஸ்பர் பகல் முழுவதும் ஜன்னலடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அண்ணைக்கு பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கேக் தொழிற்சாலையில் இரண்டாவது வேலை கிடைத்தது. நேர்முகம் முடிந்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் ஸ்டேஷனில் கோலாப் பெட்டியைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலில் குப்புறக் கிடந்தபடி அண்ணை புலம்பினார்.

“நாளைக்குப் போகாட்டி அந்த இடம் போயிடும். வேற ஆர் எண்டாலும் பிடிச்சிடுவாங்கள்.”

எங்கள் ஆட்கள் நடத்தும் பெட்ரோல் ஸ்டேஷன்களில் ஒரு வழக்கம் இருந்தது. உனக்கு வர முடியாவிட்டால் உனக்குப் பதிலாக ஒருவனை அனுப்பு. யார் என்று முதலாளி கேட்கமாட்டார், கல்லாவில் ஒரு ஆள் இருந்தால் போதும். வெள்ளைக்காரன் தொழிற்சாலைக்கும் அண்ணை அதே வழக்கத்தைப் போட்டுவிட்டார்.

“கஸ்பர், ஒரு கிழமைக்கு நீ போய் நில். பேர் கேட்டால் பத்மநாதன் எண்டு சொல்லு. அவங்களுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான்.”

தன் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தையும் பிறந்த திகதியையும் மனைவி பிள்ளைகள் விபரத்தையும் அவனுக்குப் பாடமாக்கினார். கஸ்பர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பத்மநாதனாகப் போனான்.

இடுப்பு நேராகியதும் அண்ணை கஸ்பரை வீட்டில் நிறுத்திவிட்டுத் தானே வேலைக்குப் போனார். கதவடியில் டோரீன் என்ற மேற்பார்வைக்காரி நின்றாள். தலைக்கு வலைபோட்ட பருத்த பெண். பெயர் கேட்டாள். பத்மநாதன் என்றார். அந்தப் பெயரை அங்கே நேதன் என்று சுருக்கியிருந்தார்கள். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நேதனா? நீ நேதன் இல்லை. நேதனை எனக்குத் தெரியும். நேதனுக்கு உடம்பு சரியில்லையா? நாளைக்கு வரச் சொல்லு.”

கதவு மூடிக்கொண்டது. அண்ணை அந்த முற்றத்தில் தன் பெயரோடு தனியே நின்றார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, கஸ்பரைக் கூப்பிட்டு, “நாளைக்கு நீயே போ” என்றார். முகம் கறுத்துப்போயிருந்தது.

அப்படித்தான் ஒரு வாரம் என்று தொடங்கியது ஒன்றரை வருடமாக இழுத்தது. சம்பளம் அண்ணையின் பாங்கில் விழும். அப்படியே எடுத்துக் கஸ்பரிடம் கொடுத்துவிடுவார். அதில் அவர் கை சுத்தம். ஆறு மாதம் முடிந்து கஸ்பர் வேலை அனுமதி கேட்டான். லோயர் “வரும், வரும்” என்றாரே தவிர ஒன்றும் வரவில்லை. அண்ணையைக் கொன்றது காசு இல்லை, அந்தப் பெயருக்குக் கிடைத்த கியாதி.

தொழிற்சாலையில் கஸ்பரின் வேலை, பெல்ற்றில் ஓடிவரும் கேக்குகளுக்கு மேல் சீனிப்பூ வைப்பது. பூ வைத்துக்கொண்டே பாடுவானாம். டோரீனும் மற்றப் பெண்களும் இடுப்பை ஆட்டுவார்களாம். கிழவி ஒருத்தி பெட்டி தூக்கத் திணறினால் ஓடிப்போய்த் தூக்குவானாம். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவனே கை கால் ஆட்டிச் சொல்லுவான். அடக்கம் என்பது அவனுக்கு அறவே கிடையாது. சிறந்த தொழிலாளி என்று அவன் படத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டி, கீழே பத்மநாதன் என்று போட்டிருக்கிறார்கள் என்று அவன் சொன்ன அன்று, அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“கணேசு, பத்து வருசமாய்ப் பெட்ரோல் ஸ்டேஷனிலை இருக்கிறன். என்ர படத்தை ஆர் மாட்டினவன்?” என்று என்னிடம் வந்து கேட்டார்.

பெட்ரோல் ஸ்டேஷனில் படம் மாட்டுவது பெட்ரோல் அடித்துவிட்டு ஓடுகிறவர்களுக்குத்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, வாடகைக்கு இருப்பவன்.

தொண்ணூற்றாறின் ஐப்பசியில் அண்ணையின் பிறந்தநாள் வந்தது. வந்தது அவருக்கே தெரியாது. அவர் பிறந்ததை அதுவரை யாரும் கொண்டாடியதில்லை. ஆனால் தொழிற்சாலைக் கோப்பில் திகதி இருந்ததல்லவா? அங்கே வேலை செய்கிறவர்களின் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கில் பெயர் எழுதிக் கொடுப்பது வழக்கம். பின்னேரம் கஸ்பர் பெரிய பெட்டியோடு வந்தான். திறந்தால், நீல நிறத்தில் இனிய பிறந்தநாள் வாழ்த்து நேதன் என்று ஆங்கிலத்தில் எழுதி, சுற்றிவரச் சீனிப்பூ.

“அண்ணை, இது உங்கடதுதான். எல்லாரும் சேந்து பாட்டும் பாடினவை,” என்றான்.

பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்கள். தவநாயகி அக்கா கத்தியைக் கொண்டுவந்தார். அண்ணை கேக்கைப் பார்த்தபடி நின்றார். தான் பிறந்த நாளில், தன் பெயருக்கு, தனக்குத் தெரியாத சனம் பாடியிருக்கிறது, அதை இவன் நின்று கேட்டிருக்கிறான். அவருக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை மறைக்கவும் தெரியவில்லை.

“எனக்கு வேண்டாம். உங்களுக்குத்தானே பாடினவை, நீங்களே தின்னுங்கோ,” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். கஸ்பருக்குத் திடீரென்று மரியாதை கொடுத்தால் அவருக்குக் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வருடம் புதிய சட்டம் ஒன்று வந்தது. அடுத்த தை மாதத்திலிருந்து அனுமதியில்லாத ஆளை வேலைக்கு எடுத்தால் முதலாளிக்குத் தண்டம். தொழிற்சாலைக்காரர்கள் பயந்துபோய்ப் பழைய ஆட்களுடைய பாஸ்போர்ட்டையும் காட்டச் சொல்லிவிட்டார்கள். கஸ்பர் முதல்முறையாகச் சத்தமில்லாமல் சாப்பிட்டான்.

“தை கடைசி வெள்ளியோடை நிண்டிடுறன் அண்ணை. உங்களுக்குக் கரைச்சல் வரக் கூடாது,” என்றான்.

விஷயம் அதோடு தானாக முடிந்திருக்கும். ஆனால் இடையில் தைப்பூசம் வந்தது.

கஸ்பரைத் தவிர நாங்கள் எல்லோரும் ஆர்ச்வே கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் தவநாயகி அக்காவின் கையைப் பிடித்தாள். பெயர் சுலோச்சனா, கேக் தொழிற்சாலையில் வேலை.

“நீங்கள் நேதன்ர மிஸிஸ் எல்லோ? உங்களையும் பிள்ளையளையும் படத்திலை பாத்திருக்கிறன். அவர் பேர்சுக்குள்ளை வைச்சிருக்கிறார். உங்கட மனுசன் நிண்டால் எங்களுக்கு நேரம் போறது தெரியாது. நாள் முழுக்க உங்கட மீன்குழம்பைப் பற்றித்தான் கதை!”

பிறகு பக்கத்தில் வேட்டியோடு நின்ற அண்ணையைப் பார்த்தாள்.

“இவர் ஆர்? உங்கட அண்ணையோ?”

தவநாயகி அக்கா ஒரு கணம்தான் யோசித்தார். கஸ்பருக்கு இன்னும் ஒரு கிழமை வேலை இருந்தது, சுற்றிவரச் சனம் நின்றது.

“ஓம், அண்ணைதான். ஹரோவிலை இருக்கிறவர்,” என்றார்.

ஹரோ என்று சேர்த்தது கணவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் என்று எனக்குப் பட்டது. அது எடுபடவில்லை. வீடு வந்து கதவைச் சாத்தியதும் அண்ணை வெடித்தார்.

“உமக்கு நான் அண்ணையோ? அவன் மனுசனோ?”

“வேற என்ன சொல்லச் சொல்லுறியள்? அங்கை வேலையிலை நிக்கிறது ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லட்டோ? அந்தப் பெடியன்ர சோத்திலை மண் போடட்டோ?”

“என்ர பிள்ளையளின்ர படம் அவன்ர பேர்சுக்குள்ளை ஏன்?”

“அவன்ர பிள்ளையின்ர படத்தை அங்கை காட்டேலுமே? நீங்கள்தானே எல்லாத்தையும் பாடமாக்கி அனுப்பினனீங்கள்? ஒரு படம் தாங்கோ அக்கா எண்டு கேட்டான், குடுத்தனான். அவனாவது என்ர குழம்பைப் பற்றி நாலு சனத்துக்குச் சொல்லுறான். நீங்கள் ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னனீங்களோ?”

அதைக் கேட்டு அண்ணையின் பொறாமை இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. பெயர் போனது, பிறந்தநாள் போனது, இப்போது மனைவி வைத்த மீன்குழம்பும் போய்விட்டது. பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடிய அந்தச் சனத்தின் முன்னால் மறுநாள் காலையில் போய் நின்று, தான்தான் பத்மநாதன் என்று சொல்லியே தீருவது என்று முடிவுகட்டினார்.

“போகாதேங்கோ. அவனைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள். உங்கட சிற்றிசன் அப்ளிகேஷனும் போயிடும்,” என்று அக்கா கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தன்னிடமிருந்த பயணப் பத்திரத்தையும் அடையாளங்களையும் உள்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கே நடந்ததை அவர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். டோரீன் பின்முற்றத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அண்ணை அவள் முன்னால் போய் நின்று பத்திரத்தை நீட்டினார்.

“நான்தான் பத்மநாதன். உள்ளே நிற்பவன் இல்லை.”

அவள் பத்திரத்தைத் தொடவே இல்லை.

“தெரியும். அன்றைக்கு நீ கதவடியில் வந்து நின்றாயே, அன்றைக்கே தெரியும். ஒரே பெயரோடு இரண்டு பேர் வந்தால் கண்டுபிடிக்க முடியாத முட்டாளா நான்? பாடுகிறவனை வைத்துக்கொண்டேன்.”

அவள் புகையை விட்டுவிட்டுக் கேட்டாள்.

“அவனுடைய உண்மையான பெயர் என்ன?”

இந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஒன்றரை வருட எரிச்சல் அவரை மூட விடவில்லை.

“கஸ்பர். மன்னார் ஆள். அவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை,” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்துப் பெயரைத் தன் உள்ளங்கையில் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

“உனக்கு வேலை வேண்டுமென்றால் அவன் போன பிறகு வா. எனக்கு ஒரு ஆள் குறையும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலையைக் கேட்டு அவர் போகவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தங்களுக்கு நல்ல நேதன் வேண்டுமா, உண்மையான நேதன் வேண்டுமா என்று யாரும் தடுமாறக்கூட இல்லை. பஸ்ஸில் வரும்போது கோபம் வடிந்து, அந்த இடத்தில் பயம் ஏறியது. நேரே என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“எழுதிப்போட்டாள் கணேசு. கையிலை எழுதிப்போட்டாள். இனி ஹோம் ஒபிசுக்குச் சொல்லுவாள். நான் ஏன்டா போனனான்?”

தவநாயகி அக்காவிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. அண்ணைக்குச் சோறு போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்த வாரம் முழுவதும் அண்ணை தானே போட்டுச் சாப்பிட்டார். தெருவில் கார் நின்றால் திரையை விலக்கிப் பார்ப்பார். பொலிஸ் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன்தான். கஸ்பர் ஒன்றும் தெரியாமல் பாடிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தான்.

“மிச்ச நாளைக்குப் போகாதை தம்பி,” என்று அக்கா அவனிடம் சொல்லிப் பார்த்தார். ஏன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“கடைசி நாளிலை சொல்லிப்போட்டு வாறதுதானே அக்கா மரியாதை,” என்றான் அவன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்று மணிக்கும் அவன் வரவில்லை. அண்ணை பெட்ரோல் ஸ்டேஷனுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு முன்னறையில் இருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். எனக்கும் எங்கே போவதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கும் பிறகுதான் கதவு காலால் தட்டப்பட்டது.

அக்கா ஓடிப்போய்த் திறந்தார். கஸ்பர் இரண்டு கையாலும் ஒரு பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது. அன்றைக்கு முன்கதவால் வரும்போது அவன் பாடவில்லை. பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தான். இந்தக் கேக் பிறந்தநாள் கேக்கைவிடப் பெரியது. சுற்றிவர அவன் வைக்கிற அதே சீனிப்பூ. நடுவில் கொட்டை எழுத்தில் கஸ்பர் என்று எழுதியிருந்தது.

“லைனை நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் கூப்பிட்டாள் அண்ணை. நேதன் எண்ட பேரைச் சொல்லேல்லை. என்ர பேரைச் சொன்னாள். எல்லாரும் திருப்பிச் சொல்லிச்சினம். கஸ்பர், கஸ்பர் எண்டு. ஒன்றரை வருசம் அங்கை நிண்டனான், ஒருத்தருக்கும் என்ர பேர் தெரியாது. ஆர் சொன்னது எண்டு கேட்டன். நீங்கள் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து சொன்னனீங்களாம்.”

அண்ணை கதிரையில் அசையாமல் இருந்தார். திங்கட்கிழமை முதல் கஸ்பருக்கு வேலை இல்லை. அனுமதி வர இன்னும் காலம் கிடந்தது. இம்மாகுலேற்றுக்கு என்ன எழுதுவது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவன் அழுததும் சிரித்ததும் அந்தக் கேக்குக்காகத்தான். அக்கா கணவரைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். இவனை விழுத்தப் போன இடத்திலும் இவனுக்குத்தான் கேக் கிடைத்திருக்கிறது என்ற எரிச்சலும், அப்பாடா என்ற நிம்மதியும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்ததை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

கஸ்பர் பெரிய துண்டாக ஒன்று வெட்டினான். பிள்ளைகள் கையை நீட்டினார்கள். அவன் அவர்களைத் தாண்டி வந்து அண்ணையின் முன்னால் முழங்காலில் நின்றான்.

“என்ர பேரைச் சொன்னது இந்த வாய்தானே அண்ணை. முதல் துண்டு இந்த வாய்க்குத்தான். ஆ எண்டு திறவுங்கோ.”

அண்ணை வாயைத் திறந்தார்.